படிப்ஸ், பண்டிதர், கிறுக்கர்: தென்காசிச் சீமையில் அறிவுப் பித்துக்குக் கிடைத்த பெயர்கள்

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூட வகுப்பை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒருவருக்குப் ‘படிப்ஸ்’ என்று பெயர் விழுந்திருக்கும். முதல் பெஞ்சு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, கழுத்துவரை பூட்டிய பொத்தான், சோடாப்புட்டிக் கண்ணாடி என்று அவருக்கு ஓர் உருவம் உண்டு. குணமும் எழுதி வைத்தாகிவிட்டது. விளையாட வராது, பெண்களிடம் பேச நா எழாது, கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கத் தெரியாது, பரீட்சையில் மட்டும் விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொள்ளத் தெரியும். பழம், அம்மாஞ்சி, புத்தகப் புழு எல்லாம் இவருக்கு உரிய மறுபெயர்கள். மேலை நாடுகளில் நெர்டு என்றும் கீக் என்றும் அழைக்கப்படுகிறவருக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொந்தக்காரர் இவர்தான்.

இந்த ஒற்றை உருவத்துக்குள் இரண்டு வேறு மனிதர்கள் அடைபட்டிருக்கிறார்கள். ஒருவர் மதிப்பெண்ணுக்காகப் படிப்பவர். இன்னொருவர் கணக்கு, கல்வெட்டு, செடி, பூச்சி, பாட்டு என்று ஏதாவது ஒன்றிடம் மனத்தைப் பறிகொடுத்துவிட்டு மீள முடியாமல் இருப்பவர். முதலாமவரைப் பள்ளியில் கேலி செய்யும் ஊர், வேலை கிடைத்த மறுநாளே அவருக்குப் பெண் கொடுக்க வருகிறது. இரண்டாமவருக்கு அந்தக் கொடுப்பினையும் சுலபத்தில் வாய்ப்பதில்லை. “இதை வச்சு என்னலே பண்ணப் போற?” என்ற கேள்வி அவரைக் கடைசிவரை துரத்துகிறது. இந்த இருவரையும் ஒருவராகவே பார்ப்பதுதான் தமிழ்ச் சமூகம் இந்த விஷயத்தில் செய்துவரும் பெரிய பிழை. அதை விளங்கிக்கொள்ளத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. படித்த அரசர், கிறுக்கர் எனப்பட்ட கவிஞர், பாட்டுக்காக வக்கீல் தொழிலைக் கைவிட்டவர், செடிக்காக மலையேறியவர், கிராமத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவர் என்று எல்லா வகையினரும் சில மைல் சுற்றளவுக்குள் வந்து போயிருக்கிறார்கள்.

படித்தவனைப் பற்றிய கேலி நேற்று முளைத்தது அல்ல. பஞ்சதந்திரத்தில் நான்கு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். மூவர் சாத்திரம் கரைகண்டவர்கள், ஒருவனுக்குப் படிப்பில்லை, உலக அறிவு மட்டும் உண்டு. செத்த சிங்கத்தின் எலும்பை ஒருவன் கூட்டுகிறான், இன்னொருவன் தோலும் தசையும் சேர்க்கிறான், மூன்றாமவன் உயிர் கொடுக்கப் போகிறான். படிக்காதவன் மரத்தில் ஏறித் தப்பிக்கிறான், மற்ற மூவரும் சிங்கத்துக்கு இரையாகிறார்கள். படிப்பு ஏறினால் விவேகம் குறையும் என்ற எண்ணம் இந்தக் கதையில் முழு உருவம் பெற்றிருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி அதையே ஒரு வரியில் சொல்லிவிடுகிறது.

அதே தமிழர் கல்வியைத் தெய்வமாகவும் வைத்தார்கள். மதுரையை இழந்த பாண்டியர்கள் 15ஆம் நூற்றாண்டில் தென்காசியை இருப்பிடமாக்கிக்கொண்டார்கள். பராக்கிரம பாண்டியன் இங்கே காசி விசுவநாதர் கோயிலை எழுப்பினான். அடுத்த நூற்றாண்டில் அதே மரபில் வந்த அதிவீரராம பாண்டியன் நைடதம் பாடினான், வெற்றிவேற்கை என்ற நீதி நூலையும் இயற்றினான். பிச்சை எடுக்க நேர்ந்தாலும் படிப்பை விடாதே என்று தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த அறிவுரை இந்தத் தென்காசி அரசனுடையது. அவனுடைய உறவினனான வரதுங்கராமனும் புலவன். படையும் நாடும் சுருங்கிப்போன காலத்தில் ஓர் அரச குடும்பம் ஏட்டோடும் எழுத்தாணியோடும் உட்கார்ந்திருந்தது. அதற்காகத் தமிழ்ப் புலவர்கள் அவர்களை இன்றுவரை மறக்கவில்லை. ஒரே வாயில் வெற்றிவேற்கையும் ஏட்டுச் சுரைக்காயும் இருப்பதுதான் தமிழரின் நிலை. கல்விக்குக் கோயில் கட்டுவார்கள். கற்றுக்கொண்டே இருப்பவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பரீட்சை வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அறிவுக்கு மதிப்பெண் என்ற அளவுகோல் வந்தது, மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிகள் வந்தன. படி ஏறினால் சர்க்கார் உத்தியோகம் என்ற கணக்கும் வந்தது. அந்தக் கணக்குக்குள் அடங்காதவருக்குத் தலைசிறந்த சாட்சி சீனிவாச ராமானுஜன். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்த அந்தப் பையன், கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. எஃப்.ஏ. தேறவே இல்லை. அந்த நாளில் கும்பகோணத்துத் தெருவில் அவர் யார்? நோட்டுப் புத்தகத்தில் யாருக்கும் புரியாத கணக்கைக் கிறுக்கிக்கொண்டிருக்கும், வேலையில்லாத, தேறாத பிள்ளை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. 1918இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

இன்று பள்ளிக்கூடச் சுவர்களில் ராமானுஜன் படம் தொங்குகிறது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையை அவர் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார்கள். மற்றப் பாடங்களில் தோற்ற ஒருவரை முதல் மதிப்பெண்ணின் அடையாளமாக மாற்றியிருப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. அதைவிடப் பெரிய அநீதி, இன்று அதே கோலத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நடப்பது. அவர் தப்பியதற்குக் காரணம் கல்லூரி அல்ல. நோட்டைப் புரட்டிப் பார்த்து, இதில் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்த இந்தியக் கணிதக் கழகத்தின் நிறுவனர் ராமசுவாமி ஐயரும், பண உதவி செய்த ராமச்சந்திர ராவும், துறைமுகத்தில் உடன் வேலை பார்த்த நாராயண ஐயரும்தான். அறிவுப் பித்து பிடித்தவருக்கு வேண்டியது தேர்வாளர் அல்ல, கூட்டாளி என்பதற்கு அவர்கள் மூவரும் சாட்சி.

தமிழ்நாட்டில் மதிப்பெண் மோகம் அதற்குப் பிறகு வளர்ந்துகொண்டே போயிற்று. பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் மாநிலத்தில் முதலிடம் பிடித்த பிள்ளைக்குப் பெற்றோர் இனிப்பு ஊட்டும் படம் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வரும். 2017இல் அரசு அந்தத் தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் பள்ளி வாசல்களில் மதிப்பெண் பட்டியலோடு நிற்கும் பிளெக்ஸ் பலகைகள் போகவில்லை. ‘படிப்ஸ்’ என்ற கேலியை விளைவித்தது இந்தப் பட்டியல்தான். இடம் குறைவு, போட்டி அதிகம் என்ற நிலையில், நன்றாகப் படிக்கும் தோழன் எதிராளி ஆகிவிடுகிறான். வீட்டில் நாள்தோறும் ‘அவனப் பாரு’ என்று யாரைக் காட்டித் திட்டுகிறார்களோ, அவனை வகுப்பில் கேலி செய்யாமல் வேறு என்ன செய்ய முடியும்? கேலி செய்யும் பிள்ளையும் கேலிக்கு ஆளாகும் பிள்ளையும் ஒரே அளவுகோலால் அடிபட்டவர்கள்.

மதிப்பெண்ணுக்கு வெளியே நிற்பவருக்கு ஊர் வைக்கும் பெயர் கிறுக்கன். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் இருக்கிறது கடையம். பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். புதுச்சேரியை விட்டு வெளியேறிக் கைதாகி விடுதலையான பாரதி, 1918 டிசம்பரில் இங்கே வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாழ்ந்தார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், கழுதைக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார், தனக்குத்தானே பாடிக்கொண்டு நடந்தார் என்றெல்லாம் அந்த நாள்களைப் பற்றிய நினைவுகள் சொல்கின்றன. அக்கிரகாரம் அவரை ஒதுக்கியது. ஊராருக்கு அவர் ஒரு பைத்தியம். கவிஞரை அறிவுப் பித்தர் வரிசையில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். ஊர் அவரை எப்படிப் பார்த்தது என்பதை வைத்துத்தான் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. சம்பாத்தியத்துக்கு உதவாத ஒன்றில் ஒரு மனிதர் முழுதாக மூழ்கிக் கிடந்தால், அவருடைய நடை, உடை, பேச்சு எல்லாவற்றிலும் ஊர் கோணல் கண்டுபிடித்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் இதே மண்ணில் நடந்தது. தென்காசி டி.கே. சிதம்பரநாத முதலியார், தமிழகம் ரசிகமணி என்றும் டி.கே.சி. என்றும் அறிந்தவர், சட்டம் படித்தவர். வக்கீல் தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார், இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்தார். அவர் பெயர் நிலைத்ததோ கம்பனில் கிடந்து ஊறியதால். 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டிலும், பிற்காலத்தில் குற்றாலத்திலும் அவரைச் சுற்றிக் கூடிய கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். வட்டமான தொட்டிக்கட்டில் உட்கார்ந்து பேசியதால் வந்த பெயர் அது.

வட்டத்தொட்டியில் நடந்ததைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய மீசையோடு நடுவே டி.கே.சி. கம்பனில் ஒரு செய்யுள். முதலில் ஒரு முறை முழுதாகச் சொல்வார். பிறகு ஓர் அடியை மட்டும் எடுத்து நிறுத்திச் சொல்வார். ஒரு சொல்லை இழுத்துப் பார்ப்பார், அதே சொல்லைச் சுருக்கிப் பார்ப்பார். திரும்பவும் செய்யுள் முழுவதும் வரும். மூன்றாவது நான்காவது முறை வரும்போது கேட்பவர் தலை தானாக ஆடும். அகராதியும் இலக்கணமும் அந்த இடத்துக்குக் கடைசியாகத்தான் வரும். நடுநடுவே சிற்றுண்டி வரும். அதைப் பற்றியும் பாட்டுக்கு நிகரான அக்கறையோடு பேச்சு நடக்கும். குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கினால் விருந்தினர் கூட்டமும் தொடங்கிவிடும். கல்கியும் ராஜாஜியும் வருவார்கள். நாஞ்சில் நாட்டுக் கவிமணி, ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாச ராகவன், அரசு அதிகாரியான பாஸ்கரத் தொண்டைமான், பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான மகராஜன், இடைசெவல் கி. ராஜநாராயணன் என்று அந்த நட்பு வட்டம் விரிந்தது. இவர்களில் கி.ரா. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கரிசல் விவசாயி. நீதிபதிக்கும் அவருக்கும் அங்கே ஒரே மரியாதை.

ஒரு பாட்டை ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிச் சொல்வது சாதாரணக் கண்ணுக்குக் கிறுக்குத்தனம்தான். அதே காரியத்தைத் தனியறையில் ஒருவர் செய்திருந்தால் தென்காசித் தெருக்கள் அவரைக் கிறுக்கர் கணக்கில் சேர்த்திருக்கும். டி.கே.சி. அதைச் சாப்பாட்டோடும் சிரிப்போடும் நட்போடும் சேர்த்துச் செய்தார். பித்து ஒரு விருந்தாகிவிட்டது. ஊரும் அவரைக் குற்றால முனிவர் என்றது. அறிவில் மூழ்குகிறவர் மனிதரோடு பழகத் தெரியாதவர் என்ற வார்ப்பு உருவத்தைத் தமிழகத்தில் இதைவிட நன்றாக உடைத்த இன்னோர் எடுத்துக்காட்டைச் சொல்வது கடினம்.

ஆனால் இந்த வட்டத்தொட்டியே வேறொரு வார்ப்பு உருவத்தை வளர்த்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டி.கே.சி.க்குப் பண்டிதர்களைக் கண்டால் ஆகாது. சந்தி பிரிக்கவும் சூத்திரம் காட்டவும் தெரியும், கவிதை மட்டும் காதில் விழாது என்பது அவர்கள் மீது அவர் வைத்த குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் ஏட்டுச் சுவடியைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தவர்களும், பாடபேதம் குறித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களும் இல்லாவிட்டால் சுவைக்கக் கம்பன் எங்கிருந்து வந்திருப்பான்? தம் காதுக்குக் கம்பனாகப் படாத பாடல்களை இடைச்செருகல் என்று டி.கே.சி. ஆயிரக்கணக்கில் விலக்கினார், சொற்களையும் திருத்தினார். அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், எதிர்த்தது நியாயமே. அதே நெல்லைச் சீமை தந்த எஸ். வையாபுரிப்பிள்ளையும் வக்கீலாக இருந்தவர்தான். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த அகராதிப் பணியில் பத்தாண்டு உழைத்தார். ஒரு சொல்லுக்கு மேற்கோள் தேடி நூல் நூலாகப் புரட்டுவதில் விருந்தும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. பழகத் தெரிந்த பித்தரை மட்டும் கொண்டாடிவிட்டுப் பழகத் தெரியாதவரை உலர்ந்த பண்டிதர் என்று தள்ளினால், கேலி ஆள் மாறுகிறதே தவிர ஒழிவதில்லை.

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் அறியாத இன்னொரு வகைப் பித்தர்களும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட், 1830களில் குற்றால மலைச்சரிவுகளில் செடி சேகரித்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட இந்தியத் தாவரப் படத்தொகுதியில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றை வரைந்ததில் பெரும்பங்கு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்களுடையது. ஒரு படத்தை உற்றுப் பார்த்தால் உழைப்பு புரியும். முழுக் கிளை ஒன்று, அதன் அருகே பூவைக் குறுக்கே வெட்டிய தோற்றம், சூலகத்தின் உள்ளறைகள், தனியாக ஒரு மகரந்தத் தாள், விதையின் உள்முகம். வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாததை உருப்பெருக்கி வைத்துப் பார்த்துக் கோடாக்கியிருக்கிறார்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். பழைய மேலைநாட்டு உலர்தாவரத் தாள்களில் குற்றாலத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அருவிக் கரையில் எங்கே விசாரித்தாலும் ரங்கையாவையும் கோவிந்துவையும் பற்றி யாரும் சொல்லப்போவதில்லை. பண்டிதருக்காவது கேலி கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை, மறதிதான்.

அறிவாளியின் உருவத்தைப் பொதுமனத்தில் பதிய வைப்பதில் சினிமாவுக்கு உள்ள பங்கு பெரிது. 2010இல் வந்த எந்திரன் படத்தில் விஞ்ஞானி வசீகரன் ஆய்வுக்கூடத்தில் அடைந்து கிடந்து, முகம் மழிக்க மறந்து, காதலியையும் மறந்துபோகிறார். 2012இல் வந்த நண்பன் இந்தப் பொருளையே நேராக எடுத்துக்கொண்ட படம். மனப்பாடம் செய்து முதலிடத்துக்கு ஓடும் ஸ்ரீவத்சன் ஒரு பக்கம், பொறியை அதன் மேலுள்ள ஆசைக்காகவே கற்கும் நாயகன் மறுபக்கம். இரண்டும் வேறு வேறு என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன வணிகப் படம் தமிழில் அரிது, அதற்கு நன்றி சொல்லலாம். ஆனாலும் கேலியெல்லாம் ஸ்ரீவத்சன் தலையில் விழுகிறது. ஆர்வத்தால் கற்கிறவரோ எல்லாம் வல்ல நாயகராகத்தான் வருகிறார். கூச்சமுள்ள, தடுமாறிப் பேசுகிற, சாதாரண முகமுடைய ஒருவருக்கும் அறிவில் அந்த ஆனந்தம் உண்டு என்பதைத் திரை இன்னும் மனம் வைத்துக் காட்டவில்லை.

இந்த உருவம் சின்ன வயதிலேயே மனத்தில் குடியேறுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1957இல் மார்கரெட் மீடும் ரோடா மெத்ரோவும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 35,000 பேரிடம் விஞ்ஞானியைப் பற்றிக் கேட்டார்கள். வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் அணிந்த, வயதான ஆண் ஒருவரே அவர்களுடைய விடைகளில் தென்பட்டார். 1983இல் டேவிட் சேம்பர்ஸ் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் விஞ்ஞானியை வரைந்தார்கள். அதில் பெண் விஞ்ஞானியை வரைந்தவை 28 படங்கள், அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். சிறுவரில் ஒருவருக்குக்கூடப் பெண் நினைவுக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் இது கூடுதலாக உறுத்த வேண்டிய செய்தி. 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகளின் தேர்ச்சி 96.44 விழுக்காடு, மாணவர்களுடையது 92.37. இந்த இடைவெளி பல ஆண்டுகளாகவே இருந்துவருகிறது. குற்றாலத்தில் கோயில் நிர்வாகத்தின் சார்பில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964இல் தொடங்கப்பட்டது. சுற்றுக் கிராமங்களில் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்கள் பலருக்கு அதுதான் வாசல். இவ்வளவு இருந்தும் ‘படிப்ஸ்’ என்றால் பொறுப்பான பெண் என்ற பாராட்டோடு அவள் கதை முடிந்துவிடுகிறது. ஒழுங்காகப் படிக்கும் பெண்ணை ஊர் ஏற்றுக்கொள்கிறது. சாப்பிட மறந்து, நேரம் தெரியாமல், ஒரு கணக்கையோ ஒரு பூச்சியையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஏற்பதில்லை. ஆணுக்கு வந்தால் கிறுக்கு, பெண்ணுக்கு வந்தால் அடங்காமை. பித்து பிடிக்கும் உரிமை அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தென்காசிப் பக்கத்தில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்த மாற்றத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை ஐஐடியில் பட்டமும் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டமும் பெற்ற ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம், 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்து, பிறகு மத்தளம்பாறையில் வளாகம் அமைத்தது. 2019இல் அவரும் அங்கேயே குடிவந்தார். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் ஜோஹோ பள்ளி முறை, கல்லூரிப் பட்டமும் கட்ஆஃபும்தான் மூளைக்கு அளவு என்ற நம்பிக்கையை நடைமுறையில் அசைத்துக் காட்டியது. வயல்வெளிக்கு நடுவே உட்கார்ந்து நிரல் எழுதுகிற பையனைப் பார்த்து இன்று யாரும் கேலி செய்வதில்லை. கணினியே கதி என்று கிடக்கிறான் என்ற புகார், நல்ல இடத்தில் இருக்கிறான் என்ற பெருமையாகிவிட்டது.

மகிழ்ச்சிக்குரிய மாற்றம்தான். ஆனால் மரியாதை வந்தது சம்பளத்தின் பின்னால். கணினி காசு கொடுத்தது, அதனால் கணினிப் பித்து கௌரவமாயிற்று. காசு கொடுக்காத பித்துகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. பாண்டியர் கல்வெட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கும் கல்லூரி மாணவர், செண்பகாதேவி அருவி வழியில் தவளையின் குரலைக் கேட்டு இனம் சொல்லும் இளைஞர், குற்றாலக் குறவஞ்சியின் சந்தத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முணுமுணுக்கும் பெண் ஆகியோரிடம் ஊர் கேட்பது இன்னும் அந்த ஒரே கேள்வியைத்தான். ராமானுஜனுக்குத் தேவைப்பட்ட மூன்று கூட்டாளிகளும், டி.கே.சி. கட்டியது போன்ற ஒரு தொட்டியும் இவர்களுக்கும் வேண்டும்.

அதைத் தொடங்கப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் கால அட்டவணையில் நூலகத்துக்கென்று ஒரு பாடவேளை இருக்கிறது. பொதுத்தேர்வு நெருங்கும்போது அது கணக்குக்கோ இயற்பியலுக்கோ போய்விடுகிறது. தென்காசி மாவட்டத்துத் தலைமையாசிரியர்கள் இந்த ஆண்டு அந்த ஒரு பாடவேளையை யாருக்கும் தாரைவார்க்காமல், பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைப் படிக்கவும் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் விட்டுவிட வேண்டும்.